உள்மூலைகளில் வெட்டுக்கருவி ஆர ஈடுசெயல்: எந்திரக் கட்டுப்படுத்திகளுக்கான நெறிகள் – சிறுதொழிற்கூட நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கணினி எண்முறைக் கட்டுப்பாட்டு (சி.என்.சி.) எந்திரங்களில் நிரல் வேலைப்பொருளின் எல்லைக்கோட்டை விவரிக்கிறது; வெட்டுக்கருவியின் மையம் செல்ல வேண்டிய தடத்தைக் கட்டுப்படுத்தி கணக்கிட்டுக்கொள்கிறது. இக்கணக்கீடு வெளிமூலைகளில் எளிதாக முடிகிறது. உள்மூலைகளில் கருவியின் ஆரம் எல்லைக்கோட்டின் அளவுகளோடு மோதும்போது, நிறுத்துவதா, தடத்தை மாற்றுவதா, அப்படியே வெட்டுவதா என்ற வினா எழுகிறது. இவ்வினாவின் வடிவியல் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது. பயன்பாட்டிலுள்ள கட்டுப்படுத்திகளின் நடைமுறைகளை ஒப்பிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளவை போன்ற சிறுதொழிற்கூடங்களின் தேவையைக் கருத்திற்கொண்டு ஆறு நெறிகளை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சி.என்.சி., ஆர ஈடுசெயல், உள்மூலை, மிகைவெட்டு, எஞ்சுபொருள், பிழைச்செய்தி, புதுக்கோட்டை

1. முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. வேளாண்மையை முதன்மையாகக் கொண்ட இம்மாவட்டத்தின் வடபகுதி, திருச்சிராப்பள்ளியின் தொழில் வளர்ச்சியோடு பிணைந்தது. பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) திருச்சி ஆலையைச் சார்ந்து வளர்ந்த உலோகக் கட்டுமானக் கூடங்கள் மாத்தூர் தொழிற்பேட்டை வரை பரவியுள்ளன. மாவட்டத்தின் தென்பகுதியில் திருமயத்தில் அதே நிறுவனத்தின் மின்நிலையக் குழாய் உற்பத்திப் பிரிவு அமைந்துள்ளது. இத்தகைய சூழலில் இயங்கும் சிறுகூடங்களில் எஃகுத் தகடு வெட்டுதல், துளையிடுதல், மில்லிங், லேத் வேலை ஆகியவை அன்றாடப் பணிகளாகும்.

வேலைக்கூலி அடிப்படையில் இயங்கும் கூடங்களுக்கு மூலப்பொருளை வேலை கொடுப்பவரே வழங்குவதுண்டு. அப்பொருள் வெட்டில் கெட்டால், ஈட்டிய கூலியை விடப் பன்மடங்கு இழப்பைக் கூடம் ஏற்க நேரும். எனவே உள்மூலையில் இரண்டு மில்லிமீட்டர் மிகையாக வெட்டப்படுவதை வெறும் கணிதச் சிக்கலாகக் கருத இயலாது. கட்டுப்படுத்தி அந்த இடத்தில் என்ன முடிவெடுக்கிறது என்பது கூடத்தின் வருவாயையும், எந்திரத்தின் முன் நிற்பவரின் வேலையையும் தொடுகிறது.

2. ஈடுசெயலின் அடிப்படை

எண்முறைக் கட்டுப்பாட்டு நிரல்களின் பொதுமொழியைப் பன்னாட்டுத் தர அமைப்பின் 6983ஆம் தரம் வரையறுக்கிறது. அதில் ஜி41 என்பது கருவி செல்லும் திசையில் எல்லைக்கோட்டின் இடப்புறமும், ஜி42 என்பது வலப்புறமும் கருவி விலகிச் செல்ல வேண்டும் என்பதைக் குறிக்கும். ஜி40 அவ்விலக்கத்தை நீக்கும். விலக வேண்டிய அளவு நிரலில் எழுதப்படுவதில்லை. கட்டுப்படுத்தியின் ஈட்டு அட்டவணையில் தனியே பதியப்படுகிறது. பட்டறைப் பேச்சில் இது ‘ஆஃப்செட்’ எனப்படுகிறது.

இப்பிரிவினையின் பயன் தெளிவானது. வரைபடத்தின் அளவுகளை அப்படியே நிரலாக்கலாம். 10 மி.மீ. விட்டமுள்ள எண்ட்மில் தேய்ந்து 9.96 மி.மீ. ஆகிவிட்டால் நிரலைத் திருத்த வேண்டியதில்லை. அட்டவணையில் ஆரத்தை 5.00 என்பதிலிருந்து 4.98 என மாற்றினால் போதும். மீள்கூர்மை செய்த கருவியையும் இவ்வாறே பயன்படுத்தலாம்.

ஆனால் இதே பிரிவினையிலிருந்துதான் உள்மூலைச் சிக்கலும் பிறக்கிறது. நிரலை எழுதுபவர் ஒருவர். ஈட்டு அளவைப் பதிபவர் மற்றொருவர். நிரல் எழுதப்படும்போது எந்தக் கருவி பொருத்தப்படும் என்பது உறுதியாகத் தெரியாது. இரண்டு தகவல்களும் முதன்முறையாகச் சந்திக்கும் இடம் கட்டுப்படுத்தியே. ஜி41, ஜி42 ஆகியவற்றின் பொருள் தரப்படுத்தப்பட்டுள்ளதே தவிர, ஈட்டுத்தடம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் நிலையில் என்ன செய்வது என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது.

3. உள்மூலையின் வடிவியல்

சுழலும் கருவி தன் ஆரத்தை விடக் கூரிய உள்மூலையை உருவாக்க இயலாது. சித்தன்னவாசல், மலையடிப்பட்டி போன்ற இடங்களின் குடைவரைகளில் இரு சுவர்கள் கூடும் மூலைக்குள் சிற்பியின் உளி நுழைய முடிந்தது, உளி சுழல்வதில்லை. எண்ட்மில் சுழல்வதால் மூலையில் அதன் ஆரத்திற்கு ஒப்பான வளைவு எஞ்சியே தீரும்.

இரு நேர்ச்சுவர்கள் ஒரு கோணத்தில் கூடும் உள்மூலையில், கருவி மையம் இரு சுவர்களிலிருந்தும் ஆர அளவு விலகிய புள்ளியில் நின்று திரும்ப வேண்டும். அப்புள்ளி இரு ஈட்டுக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமாகும். மூலைக்கும் கருவியின் விளிம்புக்கும் இடையே எஞ்சும் தூரம், கருவி ஆரத்தைப் பாதிக்கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்து, வந்ததிலிருந்து ஆரத்தைக் கழித்தால் கிடைக்கும். 5 மி.மீ. ஆரமுள்ள கருவிக்கு இவ்வளவு 90 பாகை மூலையில் 2.07 மி.மீ.; 60 பாகை மூலையில் 5 மி.மீ.; 120 பாகை மூலையில் 0.77 மி.மீ. மூலை கூர்மையாகக் கூர்மையாக எஞ்சுபொருள் விரைந்து பெருகுவதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இந்த எஞ்சுபொருளைப் பிழையாகக் கருதுவது பொருந்தாது. அது கருவியின் இயல்பான வரம்பு. சிறிய கருவியால் மீண்டும் வெட்டியோ, மின்பொறி அரிப்பு முறையாலோ, அரத்தாலோ அதை நீக்கலாம். சுமை தாங்கும் உறுப்புகளில் கூரிய உள்மூலை தகைவைக் குவித்து விரிசலைத் தோற்றுவிக்கும் என்பதால், அங்கு வளைவு எஞ்சுவது விரும்பத்தக்கதும் ஆகும். ஆகவே இரு நிலைகளை வேறுபடுத்துவது இன்றியமையாதது. பொருள் எஞ்சுவது திருத்தத்தக்கது. எல்லைக்கு அப்பால் வெட்டப்படும் மிகைவெட்டு திருத்த இயலாதது. கட்டுப்படுத்தியின் எல்லா முடிவுகளும் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

4. ஈட்டுத்தடம் தலைகீழாகும் நிலை

இரு உள்மூலைகளுக்கு இடையே ஒரு கோட்டுத்துண்டு இருப்பின், ஈட்டுத்தடத்தில் அதன் நீளம் இருபுறமும் குறைகிறது. இரண்டும் 90 பாகை மூலைகளானால் நீளத்திலிருந்து கருவியின் விட்டம் கழியும். 30 மி.மீ. அகலமுள்ள பள்ளத்தின் அடிச்சுவர் 10 மி.மீ. கருவிக்கு 20 மி.மீ. தடமாகும். 8 மி.மீ. அகலமுள்ள பள்ளத்திற்கு இதே கணக்கு கழித்தல் 2 மி.மீ. என விடை தரும். ஈட்டுத்தடம் நிரலின் திசைக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்பதே இதன் பொருள்.

கட்டுப்படுத்தி இதைக் கவனியாமல் இயங்கினால் என்ன நிகழும் என்பதைப் படிப்படியாகக் காணலாம். இடச்சுவரை ஒட்டி இறங்கும் கருவியின் மையம் அச்சுவரிலிருந்து 5 மி.மீ. தள்ளி இருக்கும். கருவி 10 மி.மீ. பரப்பை அடைத்துக்கொள்வதால் 8 மி.மீ. தொலைவிலுள்ள வலச்சுவருக்குள் 2 மி.மீ. புகுந்துவிடும். பின்னர் அடிச்சுவருக்கான தடத்தில் மையம் பின்னோக்கி 2 மி.மீ. நகரும், இப்போது இடச்சுவருக்குள் 2 மி.மீ. புகும். முடிவில் 8 மி.மீ. பள்ளம் 12 மி.மீ. பள்ளமாகிறது. கருவியின் விட்டத்தை விடவும் அகன்ற பள்ளம் கிடைப்பது, நிரலை மட்டும் படிப்பவருக்குப் புரியாத புதிராகவே தோன்றும்.

வளைவுகளிலும் இதுவே நிலை. உட்புற வில்லின் ஆரத்திலிருந்து கருவி ஆரத்தைக் கழித்தால் மையத்தடத்தின் ஆரம் வரும். வில்லின் ஆரம் 4 மி.மீ., கருவியின் ஆரம் 5 மி.மீ. எனில் அத்தகைய தடமே இல்லை.

மேற்கண்ட இரண்டும் அடுத்தடுத்த நிரல்வரிகளைக் கொண்டே அறியத்தக்கவை. மூன்றாவது நிலை கடினமானது. சாவித்துளை போன்ற வடிவத்தில் 30 மி.மீ. விட்டமுள்ள அறையும், அதற்குச் செல்லும் 9 மி.மீ. அகலக் கழுத்தும் உள்ளன எனக் கொள்வோம். கழுத்தின் இரு சுவர்களுக்கு இடையே நிரலில் அறையின் வளைவு முழுதும் வருகிறது. அவ்வளைவு பல சிறு துண்டுகளாக எழுதப்பட்டிருந்தால், இடையே பல நிரல்வரிகள் இருக்கும். எந்த மூன்று வரிகளைச் சேர்த்துப் பார்த்தாலும் தடம் தலைகீழாகாது. எனினும் 10 மி.மீ. கருவி இடச்சுவரை ஒட்டிச் செல்லும்போதே எதிர்ச்சுவரில் 1 மி.மீ. வெட்டிவிடும். அருகிலுள்ள வரிகளை மட்டும் ஒப்பிடும் சோதனை இதைக் கண்டறியாது.

5. கட்டுப்படுத்திகளின் நடைமுறைகள்

தொடக்ககாலக் கட்டுப்படுத்திகள் அடுத்த நிரல்வரியை முன்கூட்டி வாசிக்கவில்லை. ஃபனுக் நிறுவனத்தின் ‘பி’ வகை ஈடுசெயல் இத்தகையது. அதில் உள்மூலையின் வெட்டுப்புள்ளியைக் கட்டுப்படுத்தி தானே காண்பதில்லை. நிரலாளர் மூலைதோறும் கருவி ஆரத்தை விடப் பெரிய வில்லை எழுத வேண்டியிருந்தது. பின்னர் வந்த ‘சி’ வகை, அடுத்துவரும் வரிகளை முன்வாசித்து வெட்டுப்புள்ளியைக் கணக்கிடுகிறது. இன்று பெரும்பாலான எந்திரங்களில் காணப்படுவது இதன் வழிவந்த முறையே.

‘சி’ வகையில் குறுக்கீட்டுச் சோதனை ஒன்றும் உண்டு. நிரலின் திசைக்கும் ஈட்டுத்தடத்தின் திசைக்கும் இடையிலான கோணம் 90 முதல் 270 பாகைக்குள் இருந்தால் குறுக்கீடு எனக் கொள்ளப்படும். கட்டுப்படுத்தி முதலில் குறுக்கிடும் திசையன்களை நீக்கிப் பார்க்கும். அதன்பின்னும் குறுக்கீடு நீடித்தால் 41ஆம் எண் பிழையைக் காட்டி எந்திரத்தை நிறுத்தும். இச்சோதனைக்கு இரு குறைகள் உண்டு. கருவியின் ஆரத்தை விட ஆழம் குறைந்த சிறு பள்ளத்தில், உண்மையில் மிகைவெட்டு நேராத நிலையிலும், திசை மாறிய காரணத்தால் எந்திரம் நின்றுவிடலாம். மறுபுறம், அசைவற்ற நிரல்வரிகள் இரண்டோ மேற்பட்டோ தொடர்ந்து வந்தால் முன்வாசிப்பு தடைபட்டு, எச்சரிக்கையின்றியே மிகைவெட்டு நேரலாம். குளிர்நீரை இயக்கும் வரி, காத்திருப்பு வரி போன்ற தீங்கற்ற வரிகளே இதற்குக் காரணமாகின்றன.

சீமென்ஸ் கட்டுப்படுத்திகளில் இடுக்கினைக் கண்டறியும் மோதல் கண்காணிப்பைத் தனி ஆணையால் இயக்கவும் நிறுத்தவும் இயலும். அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஆவணப்படுத்திய நிரல்மொழி விளக்கி மிகக் கண்டிப்பானது: ஈடுசெயல் இயங்கும்போது குழிவான மூலை வந்தாலே பிழை எனக் கூறி நிறுத்தியது. அவ்விளக்கியின் வழிவந்த திறமூல மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி, பின்னர் உள்மூலைகளைக் கையாளவும், கருவி சென்றடைய இயலாத மூலையில் மட்டும் பிழை காட்டவும் வளர்ந்தது.

ஆக மூன்று போக்குகள் புலப்படுகின்றன: ஐயம் எழுந்தாலே நிறுத்துதல், அருகிலுள்ள வரிகளைச் சோதித்து நிறுத்துதல், தடத்தைத் திருத்திக்கொண்டு தொடர்தல். முதலாவது பாதுகாப்பானது, ஆனால் சதுரப் பள்ளத்தைக்கூட வில் எழுதாமல் வெட்டவிடாது. மூன்றாவது வசதியானது, ஆனால் வரைபடத்தில் உள்ள ஒரு பள்ளம் வேலைப்பொருளில் இல்லாமலே போகலாம். இயக்குபவர் அதை அறியாமலும் இருக்கலாம்.

6. தேய்மான ஈடு எழுப்பும் தனிச்சிக்கல்

கணினிவழி உற்பத்தி மென்பொருள்கள் கருவி மையத் தடத்தையே நிரலாக எழுதித் தருவதுண்டு. அப்போது ஈட்டு அட்டவணையில் கருவியின் முழு ஆரத்திற்குப் பதிலாகத் தேய்மான வேறுபாடு மட்டும் பதியப்படும். 5 மி.மீ. ஆரமுள்ள கருவிக்கு அட்டவணையில் கழித்தல் 0.02 என்றிருக்கும். கட்டுப்படுத்தியைப் பொறுத்தவரை அது 0.02 மி.மீ. ஆரமுள்ள கருவி, குறி எதிர்மறையானதால் ஜி41 என்பது ஜி42 போல இயங்கும், உள்மூலை வெளிமூலையாகக் கொள்ளப்படும். உண்மையான கருவி எதிர்ச்சுவரில் மோதுமா என்பதை அறிய அதனிடம் தகவலே இல்லை. குறுக்கீட்டுச் சோதனை இயங்கிக்கொண்டிருந்தும் பாதுகாப்பு ஏதுமில்லை.

முழு ஆரத்தைப் பதியும் முறையில் வேறொரு சிக்கல் உண்டு. வரைபடத்தில் மூலை வளைவு 5 மி.மீ.; கருவியின் ஆரமும் 5 மி.மீ. முதல் பொருள் நன்றாக வருகிறது. இரண்டாவதற்குச் சுவரில் சிறிது பொருளை விட வேண்டி ஈட்டை 5.02 ஆக்கினால், வில்லின் ஆரத்தை ஈடு மிஞ்சிவிடுகிறது. நேற்று ஓடிய நிரல் இன்று நிற்கிறது. நிரலில் யாரும் கை வைக்கவில்லை என்பதால் காரணம் எளிதில் பிடிபடாது. மூலை வளைவை விடச் சிறிய ஆரமுள்ள கருவியைத் தேர்வதே முறையான தீர்வு.

மென்பொருளில் முன்னோட்டம் பார்த்துவிட்டால் கட்டுப்படுத்தியில் சோதனை தேவையில்லை என்ற வாதம் இங்கு வலுவிழக்கிறது. முன்னோட்டம் பெயரளவு ஆரத்தைக் கொண்டே நடைபெறுகிறது. ஈட்டு மதிப்போ எந்திரத்தின் முன்பு, வெட்டுக்குச் சற்றுமுன் மாற்றப்படுகிறது. நிரல், ஈடு இரண்டையும் ஒருசேர அறிந்தது கட்டுப்படுத்தி மட்டுமே.

7. உள்மூலையில் ஊட்டவேகம்

தடம் சரியாக இருப்பினும் வேகம் தவறலாம். 6 மி.மீ. ஆரமுள்ள உட்புற வில்லை 5 மி.மீ. ஆரமுள்ள கருவி வெட்டும்போது மையத்தடத்தின் ஆரம் 1 மி.மீ. மட்டுமே. மையத்தின் வேகம் நிமிடத்திற்கு 120 மி.மீ. எனில் சுவரைத் தொடும் விளிம்பு அதைப் போல ஆறு மடங்கு, அதாவது 720 மி.மீ. வேகத்தில் நகரும். சுவரில் 120 மி.மீ. வேகம் வேண்டுமெனில் மையம் 20 மி.மீ. வேகத்திற்குக் குறைய வேண்டும்.

நேர்கோடுகள் கூடும் மூலையில் கருவி பொருளைத் தழுவும் கோணமும் கூடுகிறது. 5 மி.மீ. ஆரக் கருவி 1 மி.மீ. அகலம் வெட்டும்போது நேர்ச்சுவரில் தழுவுகோணம் 37 பாகை. 90 பாகை மூலையை எட்டும்போது அது ஏறத்தாழ 127 பாகையாகிறது. விசை ஏறுவதால் கருவி வளைந்து சுவருக்குள் புகுகிறது. கணக்கில் மிகைவெட்டு இல்லாத இடத்தில் பொருளில் மிகைவெட்டு தோன்றுவது இவ்வாறே. ஃபனுக் கட்டுப்படுத்திகளின் ஜி62 ஆணை உள்மூலையை அணுகும்போதும் விலகும்போதும் வேகத்தைத் தானே குறைப்பது இதற்காகவே.

தகடு வெட்டும் பிளாஸ்மா எந்திரங்களில் விளைவு வேறுவகையானது. அங்கும் ஜி41, ஜி42 ஆணைகளே வெட்டுப்பிளவின் அகலத்தில் பாதியை ஈடுசெய்கின்றன. மூலையில் வேகம் குறைந்தால் பிளவு அகலும். வில்லின் மின்னழுத்தம் உயரும். அழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் அமைப்பு, டார்ச் உயர்ந்துவிட்டதாகக் கருதி அதைத் தகட்டை நோக்கி இறக்கும். எனவே மூலைகளில் உயரக் கட்டுப்பாட்டை நிறுத்திவைப்பதும் ஈடுசெயலோடு இணைந்த கடமையாகிறது.

8. பரிந்துரைக்கப்படும் நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகளை வகுக்கலாம்.

முதலாவது, இயல்புநிலையில் கட்டுப்படுத்தி ஒருபோதும் எல்லைக்கு அப்பால் வெட்டலாகாது. எஞ்சுபொருளை விடுவதா, மிகையாக வெட்டுவதா என்ற நிலையில் எஞ்சுபொருளையே தேர வேண்டும்.

இரண்டாவது, சாதாரண உள்மூலையில் எஞ்சும் பொருளைப் பிழையாகக் கருதி நிறுத்தலாகாது. இரு ஈட்டுக்கோடுகளும் முறையாக வெட்டிக்கொள்ளும் வரை வெட்டுப்புள்ளியில் திரும்பித் தொடர வேண்டும்.

மூன்றாவது, ஜி41 அல்லது ஜி42 தொடங்கும் இடத்திலிருந்து ஜி40 வரையுள்ள எல்லைக்கோடு முழுவதையும், கருவி பொருளைத் தொடுமுன் சோதிக்க வேண்டும். பாதி வெட்டில் நின்ற கருவி சுவரில் தழும்பை விடும்; மீண்டும் அதே இடத்தில் நுழைவதும் கடினம். நினைவகம் அருகியிருந்த காலத்தில் சில வரிகளை மட்டும் முன்வாசித்தது பொருந்தியது. இன்று அக்காரணம் நீங்கிவிட்டது. சாவித்துளைக் கழுத்துப் போன்ற இடுக்குகளை முழுமைச் சோதனையால் மட்டுமே அறிய இயலும். அசைவற்ற வரிகள் இச்சோதனையைப் பாதிக்காதிருப்பதும் இதனால் உறுதியாகும்.

நான்காவது, கோட்டுத்துண்டுகளை விட்டுவிட்டுத் தொடரும் வசதி இயக்குபவரின் வெளிப்படையான இசைவுக்குப் பின்னரே செயற்பட வேண்டும். எந்த வரிகள் விடப்பட்டன, எவ்வளவு பொருள் எஞ்சும் என்பவை திரையில் காட்டப்பட வேண்டும்.

ஐந்தாவது, ஈட்டு அட்டவணையில் தேய்மான வேறுபாட்டோடு கருவியின் உண்மை ஆரத்தையும் பதிய இடம் வேண்டும். தடம் தேய்மான அளவால் கணக்கிடப்படினும் மோதல் சோதனை உண்மை ஆரத்தால் நடைபெற வேண்டும்.

ஆறாவது, ஊட்டவேகம் மையத்திற்கு உரியதா, சுவருக்கு உரியதா என்பதை நிரலாளர் தேர இயல வேண்டும். சுவருக்கு உரியதெனில் உள்வில்லிலும் உள்மூலையிலும் கட்டுப்படுத்தியே குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஈடுசெயலைத் தொடங்கும் நகர்வு குறித்தும் ஒரு குறிப்பு தேவை. தொடக்க நகர்வின் முடிவில் கருவி அடுத்த கோட்டின் தொடக்கப் புள்ளிக்குச் செங்குத்தாக நிற்கும். அப்புள்ளி உள்மூலையாக இருப்பின் அடுத்த சுவருக்குள் கருவி புகுந்துவிடும். ஆகவே நுழைவை மூலையில் அமைக்காமல் சுவரின் நடுப்பகுதியில் அமைப்பது நிரலாளரின் கடமை. தவறினால் எச்சரிப்பது கட்டுப்படுத்தியின் கடமை.

9. பிழைச்செய்தியும் தமிழும்

நிறுத்துவது மட்டும் போதாது. ஏன் நின்றது என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கட்டுப்படுத்திகள் ஓர் எண்ணையும் சில ஆங்கிலச் சொற்களையும் காட்டுகின்றன. குறுக்கீடு என்ற செய்தி, எந்தச் சுவர், எவ்வளவு, எந்தக் கருவி என்ற மூன்றையும் கூறுவதில்லை. அவசரத்தில் உள்ள இயக்குபவர், எந்திரம் ஓடும் வரை ஈட்டு மதிப்பைக் குறைத்துப் பார்க்கத் தூண்டப்படுகிறார். ஈடு குறைந்தால் சோதனை கடந்துவிடும். ஆனால் கருவி சிறுத்துவிடுவதில்லை. பாதுகாப்புக்காக அமைந்த செய்தியே மிகைவெட்டுக்கு வழிகாட்டும் முரண் இங்கு விளைகிறது.

சென்னையிலுள்ள தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் தொழிற்பயிற்சி நூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. தமிழில் தொழில் கற்றவர் எந்திரத்தின் முன் வரும்போது செய்தியும் தமிழில் இருப்பது இயல்பான தொடர்ச்சி. செய்தியின் அமைப்பு பின்வருமாறு இருக்கலாம்: “வரி 120: உள்வில்லின் ஆரம் 5.000 மி.மீ.; கருவி 3இன் ஈடு 5.020 மி.மீ. ஈடு 0.020 மி.மீ. மிகுதி. ஈட்டைக் குறைத்தால் சுவரின் அளவு மாறும். சிறிய கருவியைப் பொருத்துக.” இதில் ‘ஆரம்’, ‘ஈடு’, ‘உள்வில்’ ஆகிய சொற்கள் எளியவை. ‘எண்ட்மில்’, ‘ஆஃப்செட்’, ‘அலாரம்’ போன்று பட்டறையில் நிலைத்துவிட்ட சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே ஆள்வதிலும் தவறில்லை. சொல் எதுவாயினும் ஒரு கருத்துக்கு ஒரே சொல் என்ற ஒழுங்கே முதன்மையானது.

10. முடிவுரை

வெளிமூலையில் கட்டுப்படுத்தி செய்யும் தேர்வுகள் பெரும்பாலும் தடத்தின் அழகையும் நேரத்தையும் சார்ந்தவை. உள்மூலையில் செய்யும் தேர்வு பொருள் பிழைப்பதையும் கெடுவதையும் சார்ந்தது. கருவி புகாத இடத்தில் புகாமல் நிற்பது, புக இயலும் இடத்தில் தயங்காமல் செல்வது, இரண்டையும் முன்கூட்டியே அறிந்து சொல்வது ஆகியன நல்ல கட்டுப்படுத்தியின் இலக்கணங்கள். இவற்றுக்கு வேண்டிய வடிவியல் பழையது. கணிப்பாற்றலும் இன்று எளிதில் கிடைப்பது. திறமூலக் கட்டுப்படுத்திகள் திருத்தத்திற்கு இடம் தருவதால், முழு எல்லைக்கோட்டுச் சோதனையையும் தமிழ்ப் பிழைச்செய்திகளையும் அவற்றில் செயற்படுத்திப் பார்ப்பது தமிழகத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க அடுத்த ஆய்வாகும்.